டல்சியின் ஜன்னலில் நீலத் துணி

ஹார்மனி பேடக் முதியோர் இல்லம் இருக்கிற இடத்தில் முன்பு மிரண்டூல் ஊரின் மாட்டுச்சந்தை இருந்தது. இப்போது என் கட்டில் கிடக்கிற இடத்தில்தான் காளைகளை எடை போடுவார்கள். எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே நின்று ஏலம் கூவியவன் நான்தான். நொண்டிக் கிடாரியை நாட்டியக்காரி என்று சொல்லி விற்ற வாய் இது. ஆகவே இந்தக் கதையில் அங்கங்கே கொஞ்சம் கூடுதல் இருக்கும். எங்கே என்று நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: நம்பவே முடியாத பகுதிகள் எல்லாம் அப்படியே நடந்தவை.

போன குளிர்காலத்தில் இல்லத்துக்குள் விஷக்காய்ச்சல் புகுந்தது. வெளியே ஊர் எப்போதும்போல இருந்தது. பேக்கரி திறந்திருந்தது, சனிக்கிழமை சனிக்கிழமை ஃபுட்டி என்கிற எங்கள் ஊர்க் கால்பந்து ஆட்டம் நடந்தது. எங்கள் கதவுகளை மட்டும் சாத்தினார்கள். ஒலிபெருக்கியில் மேலாளர் பெலிண்டா க்ரீவின் குரல் தேன் வடிய வந்தது.

"என் அன்பான குடும்பமே, இதை யாரும் அடைச்சு வைக்கிறதா நினைக்கக் கூடாது. உங்க அறையோட நீங்க நெருங்கிப் பழக இது ஒரு அருமையான வாய்ப்பு."

நானும் பக்கத்து அறை நெவ் ஸ்டோடார்ட்டும் அவரவர் கதவை ஒரு சாண் திறந்துவைத்துக்கொண்டு கேட்டோம். நெவ் வாழ்நாள் முழுக்க ஷயர் என்கிற வட்டார நிர்வாகத்துக்காக மண்சாலைகளைச் சமன்படுத்தும் எந்திரம் ஓட்டியவன். மேடு தெரிந்தால் சீவுவான், பள்ளம் தெரிந்தால் நிரப்புவான். அதற்கு மேல் உலகத்தில் சிக்கல் எதுவும் இருப்பதாக அவனுக்குத் தெரியாது.

"லெஸ், அந்தம்மா இவ்வளவு பேசுச்சே, நான் டல்சியைப் பாக்கப் போகலாமா கூடாதான்னு சொல்லவே இல்லையேடா?"

"கூடாதுங்கிறதைத்தான் இவ்வளவு நேரம் சொன்னா."

டல்சி ப்ரூக்கரின் அறை முற்றத்துக்கு அந்தப் பக்கம், எங்கள் ஜன்னல்களுக்கு நேரெதிரே இருந்தது. அவளுக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது. இடது காதில் கூச்சல் போட்டால் கேட்கும். தொலைபேசி அவளுக்குச் செங்கல் மாதிரி. ஒவ்வொரு சனிக்கிழமையும் நெவ் ரேடியோவோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மாவட்ட ஃபுட்டி ஆட்டத்தின் ஸ்கோரை அந்த இடது காதில் கத்துவான். அவளுடைய அணி டூலகன். சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட சட்டை. அவள் அப்பா மரம் வெட்டிக் கொடுத்து நிறுவிய கிளப், அவள் புருஷன் மூக்கை உடைத்துக்கொண்ட கிளப். டூலகன் கடைசியாக ஜெயித்தபோது ஊரில் பால் வண்டியைக் குதிரை இழுத்தது என்று நான் சொல்வதுண்டு. அவ்வளவு மோசமில்லை, ஆனால் குதிரை வண்டிக் காலத்துக்கு அது ரொம்பத் தூரமும் இல்லை.

வெள்ளிக்கிழமை அன்று யார் ஜெயிப்பார்கள் என்று இருவரும் பந்தயம் கட்டுவார்கள். தோற்றவர் சனிக்கிழமைத் தேநீரில் தன் லாமிங்டனை, அதாவது தேங்காய்த் துருவல் தூவிய சாக்லேட் கேக்கை, விட்டுக்கொடுக்க வேண்டும். நெவ் அட்டவணையைப் பார்த்து, மழையைப் பார்த்து, யோசித்துச் சொல்வான். டல்சி டூலகன் என்பாள். அவ்வளவுதான். இந்த இல்லத்துக்கு வந்த பிறகு அவள் லாமிங்டனைக் கண்ணால் பார்த்திருக்கிறாளே தவிர நாக்கில் வைத்ததில்லை.

காய்ச்சலுக்குச் சில மாதம் முன்பு, என் காதுபடவே அவனிடம் சொன்னாள்:

"டேய் நெவ், எனக்குன்னு யாரும் கிடையாது. நான் போறப்ப பாதிரியாரைக் கூட்டிட்டு வராதே. அந்தாளு முணுமுணுப்பாரு, எனக்கு ஒண்ணும் கேக்காது. நீ வந்து உக்காந்து ஸ்கோரைக் கத்து."

"தோத்திருந்தா?"

"தோத்துதான் இருப்பானுங்க. இருந்தாலும் கத்து."

நெவ் சரி என்றான். அவன் சரி என்றால் அது தார் போட்ட மாதிரி.

கதவுகள் சாத்தியதும் இருவரும் ஜன்னல் வழியாகப் பந்தயத்தைத் தொடர்ந்தார்கள். எங்கள் மனம் மகிழ்வதற்காக இல்லம் ஆளுக்கு ஒரு கட்டு வண்ணத் துணிப்பட்டை கொடுத்திருந்தது. அதை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. நெவ் மட்டும் தான் சொல்லும் அணியின் நிறத்தை வெள்ளிக்கிழமை ஜன்னலில் தொங்கவிட்டான். டல்சி அந்தக் கட்டைப் பிரிக்கவே இல்லை. தன்னுடைய பழைய சிவப்பு வெள்ளைக் கழுத்துத்துணியைத் தொங்கவிட்டு, அவனைப் பார்த்து நாக்கைத் துருத்திக் காட்டினாள்.

அப்போதுதான் தலைமை அலுவலகம் எங்களுக்கு ஜேரட் பிளைத்தை அனுப்பிவைத்தது. பதவி: நெருக்கடிக்கால உணர்வுத்துணைத் தலைமை அலுவலர். அதற்கு முன் நீச்சல்குளம் விற்றுக்கொண்டிருந்தாராம். முதல் வேலையாக எல்லார் கதவிலும், மனிதன் சிரிக்கிற மாதிரிக் கூவுகிற கூக்கபராக் குருவியின் காந்த வில்லையை ஒட்டினார். குருவி சிரித்தால் பச்சை, வாயை மூடினால் மஞ்சள், தலை தொங்கினால் சிவப்பு. நம் மனசு எந்த நிறத்தில் இருக்கிறது என்று தினமும் காலையில் அவர் வந்து முடிவு செய்வார்.

"நெவ் செல்லம், இன்னைக்கு உங்க மனசுல என்ன நிறம் ஓடுது?"

"மனசுல நிறமா? தம்பி, எனக்குக் காலு மரத்துப்போச்சு. டல்சிக்கு இருமல்னாங்களே, எப்படி இருக்கா?"

"அவங்களைப் பத்தி நீங்க கவலைப்படறது ரொம்ப அழகான விஷயம், செல்லம். ஆனா கவலைங்கிறது மஞ்சள்."

வில்லையைத் திருப்பிவைத்துவிட்டுப் போனார். மஞ்சளானவர்களுக்குத் துணை வரும். துணை என்றால் சாதாரணத் துணை இல்லை. முதலில் ஒரு பெண் வந்து நெவ்வைப் பலூன் ஊதச் சொன்னாள். சோகம் எல்லாம் பலூனுக்குள் போய்விடுமாம். ஊதி முடித்து அவன் தலைசுற்றி விழுந்ததால் சிவப்பாக்கினார்கள். சிவப்புக்கு அல்பாகா, ஒட்டகத்தின் சின்னத் தங்கச்சி மாதிரிக் கம்பளி மயிர் மூடிய பிராணி. வெளியூர்ப் பண்ணையிலிருந்து மஃபின் என்று ஒரு அல்பாகாவை நடைபாதை வழியாக ஓட்டி வந்தார்கள். மனிதனுக்கு மனிதன் காய்ச்சல் தொற்றும் என்று டல்சியிடம் போக விடாதவர்கள், எல்லார் கட்டிலையும் முகர்ந்துவிட்டு வந்த அந்த ஜந்துவை நெவ்வின் மடியில் தலைவைக்க விட்டார்கள். அது அவனுடைய பச்சைத் துணிப்பட்டையைத் தின்றுவிட்டது. அதற்கப்புறம் பச்சைச் சட்டை பென்டூல் அணி ஜெயிக்கும் என்று நெவ்வால் சொல்லவே முடியாமல் போயிற்று.

அடுத்தது கட்டிப்பிடிப்புத் திரை. கனமான பிளாஸ்டிக் திரை, நடுவில் மாட்டு வைத்தியர் போடுகிற மாதிரி நீளமான கையுறைகள். அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். நெவ் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப டல்சியைக் கூட்டிட்டு வந்து அந்தப் பக்கம் நிறுத்துங்களேன்!"

"மன்னிக்கணும் நெவ். அந்தப் பக்கம் நிக்கிறவங்க பயிற்சி முடிச்சிருக்கணும். டல்சிக்குக் கட்டிப்பிடிக்கச் சான்றிதழ் இல்லை."

சான்றிதழ் உள்ள ஒரு ஆள் நெவ்வைத் திரைக்குப் பின்னாலிருந்து அணைத்து, முதுகில் தட்டி, "அடுத்தவர்" என்றான்.

பிறகு தொலைபேசி ஆலோசகர். பெர்த்திலிருந்து ட்ரிஸ்டன் என்று ஒரு பையன். நெவ் பாதி வாக்கியம்கூடப் பேசவில்லை, அந்தப் பக்கம் அழுகை. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம், காதலி நாயை எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம். ஒரு மணி நேரம் நெவ் அவனைத் தேற்றினான். "எல்லா ரோட்டுலயும் மேடு பள்ளம் இருக்கும்டா கண்ணு, மழை நின்னதும் சீவிடலாம்" என்று அவன் சொன்னது எனக்குக் கேட்டது. ஆலோசனை மாபெரும் வெற்றி என்று ட்ரிஸ்டன் அறிக்கை அனுப்பினான்.

இதற்குள் எங்கள் நடைபாதை முழுவதும் ஒரு உண்மையைப் புரிந்துகொண்டது. சோகமாக இருந்தால் துணை வரும். துணை வேண்டாம் என்றால் சந்தோஷமாக இருக்க வேண்டும். ஜேரட்டின் காலடிச் சத்தம் கேட்டதும் பல்செட்டை மாட்டிக்கொண்டு சிரிப்போம். நான் கதவைத் திறந்ததுமே பழைய ஏலக் குரலில் ஹோ ஹோ என்று சிரித்ததால் எனக்கு நட்சத்திரம்கூட ஒட்டினார்கள்.

நெவ்வுக்கு நடிக்கத் தெரியாது. ஆனால் ஜேரட் ஒருநாள் காலையில் அவன் கட்டிலோரம் குந்தி உட்கார்ந்து சொன்னார்:

"நெவ், நீங்க தொடர்ந்து பச்சையா இருந்தீங்கன்னா, உங்களை டல்சி பக்கத்துல உக்கார வைக்கிறது என் பொறுப்பு. கை கொடுங்க. வாக்கு."

நெவ் கை கொடுத்தான். அன்றிலிருந்து அவன் பச்சை. கண்ணாடி முன்னால் நின்று சிரிப்பைப் பழகினான். எந்திரத்தின் கியர் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சிரிப்பு. பார்க்கிற எனக்குத் தாடை வலிக்கும்.

"டல்சிக்கு உடம்பு தேறிடுச்சுடா லெஸ்" என்றான் ஒருநாள். "தினமும் திரையைக் கொஞ்சம் தூக்கி விடுறா. அந்த ஊதா ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு எவ்வளவு அழகா கையை ஆட்டுறா தெரியுமா? முந்தி நாக்கைத்தான் துருத்துவா."

"காய்ச்சல்ல புத்தி வந்திருக்கும்" என்றேன்.

சாப்பாட்டுத் தட்டு கொண்டுவரும் லோசா, டோங்கா தீவுக்காரி, வாய் ஓயாமல் பாடிக்கொண்டே வேலை செய்பவள். அந்த நாட்களில் அவள் பாடவில்லை. டல்சியிடம் ஏதாவது சொல்லச் சொல்லி நெவ் கேட்டால் தட்டை வைத்துவிட்டு, "சரி நெவ் அப்பா" என்று தரையைப் பார்த்துக்கொண்டே போய்விடுவாள். வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை டூலகனுக்கு எதிரே கோப்ரான் அணி. அட்டவணையில் முதலிடம், நீலச் சட்டை. டூலகன் கடைசி இடம். நெவ் பெருமூச்சு விட்டுவிட்டு நீலப் பட்டையை எடுத்துத் தொங்கவிட்டான். பிறகு எதிர் ஜன்னலைப் பார்த்தான். அப்புறம் என் கதவைத் தட்டினான். விதியை மீறி அவன் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

"லெஸ். அவ மாறிட்டா."

"யாரு?"

"டல்சி. நீலம் தொங்குதுடா."

நான் எட்டிப் பார்த்தேன். டல்சியின் ஜன்னலில், அவள் பிரிக்காமலே வைத்திருந்த துணிக்கட்டிலிருந்து எடுத்த புத்தம் புது நீலத் துணி.

"கண்ணு சரியாத் தெரிஞ்சிருக்காது அவளுக்கு" என்றேன்.

"அவ அப்பா போட்ட கிளப்புடா அது! புருஷன் உடம்பு மேல அந்தச் சட்டையைப் போர்த்திப் புதைச்சா. என்னோட லாமிங்டனுக்கு ஆசைப்பட்டு... இவ்வளவு நாள் கழிச்சு..." எதிர் ஜன்னலை விரலால் குத்திக் காட்டினான். "அவ தோக்குறதைப் பாத்துதான்டா எனக்கு ஒரு நம்பிக்கையே."

என்னையறியாமல் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. அறைக்குள் போய் நீலத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, தன் சிவப்புப் பைஜாமாவையும் வெள்ளை உள்பனியனையும் சேர்த்து முடிச்சுப் போட்டு ஜன்னலில் தொங்கவிட்டான்.

"அவனுங்களுக்குன்னு யாராவது ஒருத்தர் இருக்கணுமில்ல" என்றான்.

எதிர் ஜன்னலில் ஊதாக் கை அழகாக ஆடியது.

சனிக்கிழமை ஆட்டம் நடந்த விதத்தைப் பற்றி நான் பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. சேற்று மழை. கோப்ரான்காரர்கள் பந்தைப் பிடிப்பதும் வழுக்கி விழுவதுமாக இருந்தார்கள். கடைசி நிமிடத்தில் ஸ்கோர் சமம். டூலகனின் குண்டுப் பையன் ஒருவன் கோலைப் பார்த்து உதைத்தான். பந்து கோல் தூணில் பட்டுத் தெறித்தது. தப்பு உதைதான், ஆனால் எங்கள் ஆட்டத்தில் தப்பு உதைக்கும் ஒரு புள்ளி உண்டு. மணி அடித்தது. டூலகன் ஒரு புள்ளியில் ஜெயித்துவிட்டது. ரேடியோ அறிவிப்பாளர் முதலில் கோப்ரான் என்றே சொல்லிவிட்டுத் திருத்தினார், அவருக்குப் பழக்கமில்லை.

நெவ் எழுந்தான். தேநீரோடு வந்திருந்த லாமிங்டனைக் கையில் எடுத்துக்கொண்டான். செருப்போடு தோட்டக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு முற்றத்தில் இறங்கினான். எச்சரிக்கை மணி அலறியது. ஒலிபெருக்கி, "செல்லங்களே, எல்லாரும் மூச்சை மெதுவா..." என்று தொடங்கியது. நானும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். டல்சி வாங்கிக்கட்டிக்கொள்வதைப் பார்க்காமல் விட நான் என்ன முட்டாளா?

"ஏய் டல்சி!" முற்றத்திலிருந்தே கத்தினான். "ஜெயிச்சுட்டானுங்கடி! நீ விட்டுட்டுப் போன அன்னைக்குப் பாத்து ஜெயிச்சுட்டானுங்க! இந்தா, லாமிங்டனை நீயே தின்னு, துரோகி!"

அவள் அறைக் கதவைத் திறந்தான்.

கட்டிலில் விரிப்பு இல்லை. மெத்தையைப் பிளாஸ்டிக்கில் சுற்றி நிறுத்தியிருந்தார்கள். சுவரில் டல்சியின் புருஷன் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும். ஜன்னலோர நாற்காலியில் ஜேரட் பிளைத் டல்சியின் ஊதா ஸ்வெட்டரில் ஒரு கையை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னொரு கையில் பாதி தின்ற சாண்ட்விச்.

"நெவ்" என்றார். "முதல்ல நாம ரெண்டு பேரும் மூச்சை..."

"டல்சி எங்கே?"

"அவங்க... தன்னோட பயணத்தை நிறைவு செஞ்சிட்டாங்க."

"எப்ப?"

"அப்ப நீங்க மஞ்சள்ல இருந்தீங்க, நெவ். மஞ்சள்ல இருக்கிறவங்களுக்கு இழப்புச் செய்தி சொல்லக் கூடாதுங்கிறது விதி. நான் என்ன பண்ண முடியும்? அதுக்கப்புறம் நீங்க பச்சைக்கு வந்துட்டீங்க. பச்சையைக் கெடுக்கக் கூடாதுங்கிறதும் விதி."

"அப்ப எப்பதான் சொல்லுவீங்க?"

ஜேரட் நேர்மையாக யோசித்தார். "அதுக்கான நிறத்தை இன்னும் உருவாக்கலை."

"எனக்குக் கை கொடுத்தியே. பக்கத்துல உக்கார வைக்கிறேன்னு. அப்ப அவ இருந்தாளா?"

ஜேரட் ஸ்வெட்டர் கையை மெதுவாக உருவினார்.

நெவ் கோபத்தில் அடிப்பான் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படி எதிர்பார்த்தேன். அவன் ஜன்னலுக்குப் போய் நீலத் துணியை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"இதை ஏன் தொங்கவிட்டே?"

ஜேரட்டுக்கு உயிர் வந்தது. இது அவர் பெருமைப்படுகிற இடம். "அது நானே தனிப்பட்ட முறையில எடுத்த முடிவு. டல்சி எப்பவும் தோத்துக்கிட்டே இருந்தாங்கன்னு சொன்னாங்க. கேட்டப்ப எனக்குக் கஷ்டமா இருந்தது. ஒரு தடவையாவது ஜெயிக்கட்டுமேன்னுதான், அட்டவணையில முதல்ல இருக்கிற அணியாப் பாத்துப் போட்டேன்."

"டூலகன் ஜெயிச்சிடுச்சு, தம்பி" என்றான் நெவ். "ஒரு புள்ளியில."

லாமிங்டன் அவன் கையில் நசுங்கி, தேங்காய்த் துருவல் செருப்பின்மேல் உதிர்ந்தது.

பெலிண்டா க்ரீவ் ஓடி வந்தார். ஜேரட்டைப் பார்த்து, "அய்யோ, உங்களுக்கு எவ்வளவு அதிர்ச்சியா இருந்திருக்கும்!" என்று தோளைப் பிடித்து அழைத்துப்போனார். அன்று மாலை ஜேரட்டுக்கு அல்பாகா வந்தது. நெவ் கதவில் தலை தொங்கிய குருவி.

டல்சியை ரொட்டி வண்டி வருகிற சமையலறை வாசல் வழியாகக் கொண்டுபோனார்களாம். அடக்கத்துக்குப் பெலிண்டாவும் அடக்கம் செய்யும் ஆட்களும் பாதிரியாரும். பாதிரியார் முணுமுணுத்திருப்பார்.

காய்ச்சல் போய்க் கதவுகள் திறந்ததும் எங்கள் இல்லத்துக்கு நெருக்கடிக்கால உணர்வுத்துணைக்கான மாநில விருது கிடைத்தது. சாப்பாட்டுக்கூடத்தில் விழா. தலைமை அலுவலகத்துக் கோட்டுகள் முன்வரிசையில். பெலிண்டா கண் கலங்கப் பேசினார்.

"நோய்க்காலத்துல எத்தனையோ இல்லங்கள்ல துக்கம், கண்ணீர். பெருமையோட சொல்றேன், எங்க இல்லத்துல ஒரு துக்கம்கூடப் பதிவாகலை. நம்ம டல்சியோட கைகூட, டல்சி இல்லாதப்பவும், யாரையும் ஏமாத்தாம ஆடிக்கிட்டு இருந்தது. இதுதான் தொடர்ச்சி. இதுதான் பராமரிப்பு."

கைதட்டல். நாங்களும் தட்டினோம்; தட்டாதவர்களுக்குப் பலூன் கொடுப்பார்கள் என்று பயம். கேள்வி உண்டா என்று ஒலிவாங்கியை நீட்டினார்கள். நெவ் எழுந்து நின்றான்.

"அவகிட்ட ஸ்கோரை யார் சொன்னது?"

கோட்டுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பெலிண்டா புன்னகைத்தார். "அருமையான கேள்வி நெவ். ஸ்கோரைப் பகிர்றது. இதை அடுத்த வருஷத் திட்டத்துல கட்டாயம் சேர்த்துக்கிறோம்." மறுபடி கைதட்டல், முன்னதைவிடப் பலமாக. நெவ் நின்றபடியே இருந்தான். யாரோ அவனை மென்மையாக உட்காரவைத்தார்கள்.

லோசா தன் விடுமுறை நாளில் எங்கள் இருவரையும் தன் ஓட்டைக் காரில் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனாள். காரை நிறுத்தியதும் சொன்னாள்:

"சொன்னா வேலை போயிடும்னாங்க, நெவ் அப்பா. வீட்டுல ஆறு பேர் என்னை நம்பி இருக்காங்க."

"தெரியும்மா" என்றான் நெவ். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்து இறங்கிப் போனான்.

புல் முளைக்காத மண்மேடு. பெயர்கூட இன்னும் வைக்கவில்லை. நெவ் கால்மாட்டில் நின்று மேட்டைப் பார்த்தான். பழைய தொழில் பழக்கம், ஒரு பக்கம் சரிந்திருந்ததைச் செருப்பால் தள்ளிச் சரிசெய்தான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"லெஸ், மல்லாந்துதானே படுக்க வைப்பாங்க? அப்ப இடது காது எந்தப் பக்கம்டா?"

கையைக் காட்டினேன். அந்தப் பக்கம் சுற்றிப் போய், முழங்கால் முறிகிற சத்தத்தோடு மண்டியிட்டு, குனிந்து, கத்தினான். ஆட்டத்தின் முதல் கால்பகுதியிலிருந்து தொடங்கினான். யார் யார் உதைத்தது, யார் வழுக்கியது, மழை எந்தத் திசையிலிருந்து வந்தது. பக்கத்துக் கல்லறைக்குப் பூ வைக்க வந்த குடும்பம் பயந்துபோய் நின்றது.

நானாக இருந்தால் பத்து கோல் வித்தியாசத்தில் ஜெயித்ததாகக் கூவியிருப்பேன். கோப்ரான்காரர்களை அழுதுகொண்டே ஓடவிட்டிருப்பேன். அந்தக் குண்டுப் பையனின் உதை மேகத்தைக் கிழித்திருக்கும். செத்தவளுக்கு என்ன தெரியப்போகிறது?

நெவ் ஒரு புள்ளியைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. தூணில் பட்டுத் தெறித்த தப்பு உதை என்பதையும் மறைக்கவில்லை.